சனிக்கிழமையில் தொடங்கிய ஒரு உரிமை

ஆட்டிசம், டிஸ்லெக்சியா, ஏடிஎச்டி உள்ளவர்கள் பிரிட்டனில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, தேர்வு முறையைத் தங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கூடுதல் நேரம், சத்தமில்லாத அறை, நேர்காணல் கேள்விகளை முன்கூட்டியே தருவது எல்லாம் இதில் வரும். சட்டம் இதை 'ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட்' என்கிறது. நியாயமான மாற்றம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், கடைசியில் அமெரிக்காவில், ஒரு சனிக்கிழமைப் பிரச்சினையில் போய் நிற்கிறோம்.

1964ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமை உரிமைச் சட்டம், வேலையில் மதப் பாகுபாடு கூடாது என்றது. சரி, சனிக்கிழமையை ஓய்வு நாளாக அனுசரிப்பவரிடம் "இங்கே எல்லாருக்கும் சனிக்கிழமை வேலைதான்" என்று முதலாளி சொன்னால் அது பாகுபாடா? எல்லாருக்கும் ஒரே விதிதானே! மேற்கு வர்ஜீனியா செனட்டர் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப், சனிக்கிழமையை அனுசரிக்கும் பாப்டிஸ்ட் பிரிவைச் சேர்ந்தவர். 1972இல் அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: மிகையான சிரமம் இல்லாதவரை, முதலாளி நியாயமான அளவுக்கு இடம் கொடுத்தாக வேண்டும். இதே கருத்துதான் பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டங்களிலும் வந்தது. அமெரிக்காவில் 1990, பிரிட்டனில் 1995, ஐ.நா. உடன்படிக்கையில் 2006, இந்தியாவில் 2016.

சட்டத்தில் எழுதியாச்சு, நடைமுறையில்? 2015இல் ஆஸ்பெர்கர் உள்ள ஒரு பெண், பிரிட்டிஷ் அரசின் சட்டப் பணிக்கு விண்ணப்பித்தார். முதல் கட்டம் ஆன்லைன் தேர்வு. ஒரு கற்பனைச் சூழ்நிலையைச் சொல்லி, என்ன செய்வீர்கள் என்று கொடுத்திருக்கும் விடைகளிலிருந்து தேர்வு செய்யச் சொல்வார்கள். "சின்னச் சின்னப் பதிலாக எழுதித் தரலாமா?" என்று அவர் முன்பே கேட்டார். மாற்று வடிவம் கிடையாது என்று பதில் வந்தது. தேவைப்பட்டது 14 மதிப்பெண், அவருக்குக் கிடைத்தது 12.

அவர் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போய் ஜெயித்தார். 2017இல் மேல்முறையீட்டிலும் அரசுத் தரப்பு தோற்றது. நல்ல முடிவெடுக்கும் திறமையைச் சோதிப்பது நியாயமான நோக்கம்தான் என்று தீர்ப்பாயமும் ஒப்புக்கொண்டது. ஆனால் அதை டிக் அடிக்கிற வடிவத்தில் மட்டும்தான் சோதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. அரசுக்கே சட்ட ஆலோசனை சொல்கிற துறை, அந்த அரசின் சட்டத்திலேயே மாட்டிக்கொண்டது!

இன்டர்வியூ மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்ற முறையில், இந்த வழக்கில் என்னை நிறுத்தியது அவர் கேட்ட விதம். அவர் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் குறைக்கச் சொல்லவில்லை. எங்க பாஷையில் சொன்னால், டெஸ்ட் அதேதான், இன்புட் ஃபார்மட் மட்டும் வேற. கேட்ட நேரமும் முக்கியம். விண்ணப்பதாரரின் நிலைமை முதலாளிக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்றால் பிரிட்டிஷ் சட்டப்படி அவருக்கு இந்தக் கடமை கிடையாது.

அங்கேதான் சிக்கல். சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம், சொல்லாவிட்டால் உரிமையே இல்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குப் பாதி வழி செய்தது. வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உடல்நலக் கேள்விகள் பொதுவாகக் கூடாது, ஆனால் தேர்வுக்கு மாற்றம் தேவையா என்று கேட்கலாம். மீதிப் பாதி, அந்த மெயிலைப் படிக்கிற ஹெச்.ஆர். கையில்தான் இருக்கிறது.