சாவா மூவாப் பேராடும் சாண எரிவாயுவும்

காஞ்சிபுரத்தில் தமிழ் பயிற்றுவிப்பவனுக்கு ஒரு வசதி உண்டு. கல்வெட்டுப் பாடத்திற்கு மாணவர்களைக் கோயில் வரை அழைத்துப் போனால் போதும். அங்கே அவர்கள் தவறாமல் கேட்பது: "ஐயா, சாகாத ஆடும் உண்டா?" சோழர் கால விளக்குக் கொடைகளில் வரும் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடர்தான் அந்த ஐயத்தின் காரணம்.

ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள். அவற்றை ஏற்ற இடையர், நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் சாகும், மூப்படையும். ஆனால் ஈன்ற குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது அவர் பொறுப்பு. பெருகியது அவருக்கு ஊதியம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இடையருக்குப் பிணை நின்றோர் பெயர்களும் உள்ளன. கொடை ஒருமுறை, விளக்கோ சந்திராதித்தர் உள்ளவரை.

இத்தொடரைப் படிக்குந்தோறும் என் நினைவுக்கு வருவது, பெரியப்பா வீட்டுத் தொழுவத்தின் பின்புறம் துருவேறிக் கவிழ்ந்து கிடந்த இரும்புக் கலன். 'கோபர் கேஸ்' என்றே ஊரில் சொல்வோம். மானியத்தில் வந்தது. சில ஆண்டுகள் நீலச்சுடர் எரிந்தது. பிறகு பெரியம்மா மீண்டும் விறகடுப்பின் முன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அமர்ந்தார்.

இந்தியாவில் இதன் வரலாறு நெடியது. 1897இல் பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்துக் கழிவிலிருந்து வாயு எடுத்தனர். 1939இல் தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் தேசாய் சாணத்தைக் கொண்டு சோதனைகள் நிகழ்த்தினார். 1950களில் ஜஷ்பாய் படேல் வடிவமைத்த மிதக்கும் கலனைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பியது. 1981-82இல் தேசியத் திட்டம் தொடங்கியது. 1984இல் செலவு குறைந்த செங்கற்குவிமாட 'தீனபந்து' வந்தது. அரசுக் கணக்கில் இதுவரை கட்டப்பட்டவை ஏறத்தாழ 50 லட்சம். கட்டியவற்றின் எண்ணிக்கை வேறு, எரிபவற்றின் எண்ணிக்கை வேறு.

இவை மூப்படையும் விதத்தில் மர்மம் ஏதுமில்லை. இரும்புக் கலனுக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசாவிடில் துரு தின்னும். குவிமாடத்தில் மயிரிழை விரிசலும் வாயுவை விட்டுவிடும். இரண்டு கனமீட்டர் கலனுக்கு நாள்தோறும் 50 கிலோ சாணம் தேவை. அதற்கு நான்கைந்து மாடுகள் வேண்டும். டிராக்டர் வந்து உழவு மாடு போன வீட்டில் கலன் பட்டினி கிடக்கும். கட்டிக்கொடுத்தவர் சில ஆண்டுகள் பராமரிக்க வேண்டும் என்ற விதியும், பழுதுபார்க்கச் சிற்றுதவியும் இருந்தன. அந்த ஆண்டுகள் முடிந்தபின் கலனுக்குப் பிணை நிற்பவர் எவருமில்லை.

மாற்றுவழி ஒன்று 1987இல் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்துப் புரா கிராமத்தில் தோன்றியது. இந்திய அறிவியல் கழகத்தின் அமுல்ய ரெட்டி குழுவினர் அங்கே அமைத்த சமுதாயக் கலன் முதலில் அடுப்புக்கெனவே திட்டமிடப்பட்டது. ஊருக்கெல்லாம் சமைக்கச் சாணம் போதவில்லை. மக்கள் விரும்பியது குடிநீர் என்றறிந்து, வாயுவால் எந்திரம் ஓட்டி நீர் இறைத்தனர், விளக்கெரித்தனர். சாணம் கொணர்ந்தவர்க்குக் கிலோவுக்கு 2 காசு; செரித்த குழம்பு உரமாகத் திரும்பியது; விளக்குக்கும் நீருக்கும் கட்டணம். நிர்வகித்தது ஊர்க்குழு. ஏறத்தாழ பத்தாண்டுகள் அது ஓடியது. அதுவும் நின்றுபோனது என்பதை மறைக்க வேண்டியதில்லை; ஆனால் அதை ஓடச் செய்தது மானியம் மட்டுமன்று, நாள்தோறும் கைமாறிய அந்த இரண்டு காசும்தான்.

இன்றும் கணக்கு நம் பக்கமே. ஒரு கனமீட்டர் சாண வாயு ஏறத்தாழ 0.4 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. அதனினும் மதிப்புடையது வெளிவரும் குழம்பு: வறட்டி எரித்தால் காற்றில் போகும் தழைச்சத்து அதில் தங்குகிறது. அதை விற்றோ, வயலிலிட்டு உரச்செலவைக் குறைத்தோ கிடைக்கும் பணத்தில் ஒரு பங்கை வண்ணத்துக்கும் கொத்தனாருக்கும் ஒதுக்கினால், பத்து வீடுகள் சேர்ந்து ஒரு தேர்ந்த ஆளை வைத்துக்கொள்ளலாம். மாடு குறைந்த வீட்டினர் அண்டை வீட்டுச் சாணத்தை வாங்கிக் குழம்பைத் திருப்பித் தரலாம். குட்டிகள் பெருகுவது இடையரின் ஊதியமாயிருந்தது போல, பராமரிப்பவருக்கும் அதில் ஒரு வருவாய் இருந்தாக வேண்டும்.

சாகாத ஆடு எங்கும் இல்லை என்றே மாணவர்களிடம் சொல்கிறேன். இறக்கும் ஆட்டுக்குப் பதில் ஆடு விடுபவன் ஒருவன் இருந்தான். அவன் இருந்தவரை விளக்கு எரிந்தது. பெரியப்பா வீட்டுக் கலனுக்கு அப்படி ஒருவன் வாய்க்கவில்லை.