குழந்தை உணவில் நிலக்கடலை

நிலக்கடலை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஓராண்டுப் பயிர். தாவரவியல் பெயர் அராக்கிஸ் ஹைப்போஜியா. தாயகம் தென் அமெரிக்கா. வேர்க்கடலை, மணிலாக்கொட்டை என்றும், வட தமிழகத்தில் மல்லாட்டை என்றும், இலங்கையில் கச்சான் என்றும் வழங்கும். பிறப்பால் உளுந்துக்கும் துவரைக்கும் உறவு என்றாலும், கொழுப்பு மிகுதியால் உணவியலார் இதைப் பாதாம், முந்திரியோடு சேர்த்தே பேசுவார்கள். வளரும் குழந்தைக்கு ஏற்ற, விலை குறைந்த சத்துணவு இது. ஆனால் எந்த வயதில், எந்த வடிவில் தருகிறோம் என்பதைப் பொறுத்து நன்மையும் ஆபத்தும் மாறும்.

சத்துகள்

100 கிராம் பச்சைக் கடலையில் ஏறத்தாழ 565 கலோரி ஆற்றல், 25 கிராம் புரதம், 49 கிராம் கொழுப்பு உள்ளன. கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு. நியாசின், ஃபோலேட், மக்னீசியம், வைட்டமின் ஈ ஆகியவையும் கணிசமாக உண்டு. ஒரு வயதுக் குழந்தையின் வயிறு சிறியது. கஞ்சியாலும் குழைந்த சோற்றாலும் அது சீக்கிரம் நிறைந்துவிடும், உள்ளே போன ஆற்றலோ குறைவு. அதே கஞ்சியில் ஒரு தேக்கரண்டி வறுத்த நிலக்கடலை மாவைக் கலந்தால், அளவு கூடாமலே ஆற்றலும் புரதமும் கூடும்.

கடலைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. அரிசியிலும் அதே குறைதான். ஆகவே சோறும் கடலையும் மட்டும் போதாது. பருப்போ பாலோ முட்டையோ துணைக்கு வேண்டும். கடலைச் சட்னியோடு இட்லி தரும்போது, மாவிலுள்ள உளுந்து இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. கடலையில் இரும்புச்சத்து இருந்தாலும் அதிலுள்ள ஃபைட்டேட் அதை உடலில் எளிதில் சேரவிடாது. சுண்டலில் எலுமிச்சை பிழிவது ருசிக்காக மட்டும் அல்ல. அதன் வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும்.

பாதாமை ஊறவைத்துக் கொடுத்தால் மூளை வளரும் என்று நம்பிப் பெற்றோர் பெரும் பணம் செலவிடுகிறார்கள். கால்சியத்திலும் வைட்டமின் ஈயிலும் பாதாம் முந்துகிறது, உண்மைதான். புரதம், நியாசின், ஃபோலேட் மூன்றிலும் கடலையே மேல். மூளைக்கென்று தனிச் சிறப்பு இரண்டுக்குமே இல்லை.

மூச்சுக்குழல் ஆபத்து

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலையோ உடைத்த துண்டோ தரலாகாது. அந்த வயதில் அரைத்து மெல்லும் திறன் முதிர்ந்திருக்காது, காற்றுக்குழலும் குறுகலானது. சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ தின்னும்போது கடலை உள்ளே போய்விட்டால், முதலில் கடும் இருமல் வரும். பிறகு இருமல் ஓய்ந்து பிள்ளை பழையபடி விளையாடத் தொடங்கும். ஏமாற்றுவது இந்த அமைதிதான். சில நாள் கழித்து ஒரு பக்க நெஞ்சில் மட்டும் இழுப்புச் சத்தம், காய்ச்சல், திரும்பத் திரும்ப நிமோனியா என்று தலைகாட்டும். கடலை எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது. ஈரத்தில் ஊறிப் பருத்து, அதன் எண்ணெய் சுற்றுச் சவ்வை வீங்கவும் வைக்கும். மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழல் உள்நோக்கி வழியாகத்தான் எடுப்பார்கள். தொண்டையில் அடைத்துக்கொண்ட வேளையில் வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினால் கடலை இன்னும் கீழே இறங்கிவிடக்கூடும்.

சிறு குழந்தைக்கு நைசாக அரைத்த மாவு, அவித்து மசித்த விழுது, நீர்க்கக் கரைத்த கடலை வெண்ணெய் ஆகியவையே உகந்தவை. கெட்டியான கடலை வெண்ணெயை உருண்டையாக வாயில் வைத்தால் அதுவும் தொண்டையில் ஒட்டி அடைக்கும்.

ஒவ்வாமை

ஒவ்வாமைக்கு வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை கடலையே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-இல் அறிவுறுத்தியது; போதிய சான்று இல்லை என்று 2008-இல் கைவிட்டது. அதே ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை இஸ்ரேலியக் குழந்தைகளைவிடச் சுமார் பத்து மடங்கு என்று காட்டியது. இஸ்ரேலில் கைக்குழந்தைகளே கடலைத் தின்பண்டம் சாப்பிடுவது வழக்கம். இதைத் தொடர்ந்து லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் குழுவினர், கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை கொண்ட, 4 முதல் 11 மாதம் வரையிலான 640 குழந்தைகளை இரு பிரிவாக்கி ஐந்து வயதுவரை கண்காணித்தார்கள். 2015-இல் வந்த முடிவின்படி, கடலையைத் தவிர்த்த பிரிவில் 17.2 விழுக்காட்டினருக்கும், தொடர்ந்து உண்ட பிரிவில் 3.2 விழுக்காட்டினருக்கும் ஒவ்வாமை ஏற்பட்டது. ஒரு மருத்துவ அறிவுரை இவ்வளவு முழுமையாகத் தலைகீழானது அரிது. இப்போது கைக்குழந்தைப் பருவத்திலேயே கடலையைத் தொடங்கச் சொல்கிறார்கள்; கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். உண்டதும் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சிகிச்சை உணவாக

பிரெஞ்சுக் குழந்தை மருத்துவர் ஆந்த்ரே பிரியாந்தும் நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷல் லெஸ்கானும் 1990-களின் நடுவில் கடலை விழுது, பால் மாவு, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின், தாது உப்புகள் கலந்து ‘ப்ளம்பிநட்’டை உருவாக்கினார்கள். 92 கிராம் பொட்டலத்தில் 500 கலோரி. அதற்கு முன் கடும் ஊட்டச்சத்துக் குறைவுக்குத் தண்ணீரில் கலக்கும் பால்மாவுக் கலவையே மருந்து. தண்ணீர் சுத்தமில்லாத இடத்தில் அது நோயைக் கொண்டுவரும் என்பதால் குழந்தையை வாரக்கணக்கில் மருத்துவ முகாமில் வைத்திருக்க வேண்டியிருந்தது. கடலை விழுதில் ஈரம் மிகக் குறைவு, கிருமி எளிதில் பெருகாது. பொட்டலத்தைக் கிழித்துப் பிள்ளை தானே சப்பிச் சாப்பிடலாம். 2005-இல் நைஜர் பஞ்சத்தில் பெருமளவில் பயன்பட்டது. 2007-இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வீட்டிலிருந்தே தரும் இம்முறையை ஏற்றன.

கடலை மிட்டாயும் பூஞ்சையும்

தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கடலை பெரும்பாலும் மிட்டாயாகவே அறிமுகமாகிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வறுத்துத் தோல் நீக்கிய பருப்பை, தண்ணீரில் விட்டால் இறுகி ஒடியும் பதத்துக்குக் காய்ச்சிய வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, பரப்பி, சூடு ஆறுமுன் வில்லை போடுவார்கள். சாக்லேட்டைவிட நல்ல தின்பண்டம்தான். ஆனால் வெல்லமும் பல்லுக்குச் சர்க்கரையே, பாகு பல்லிடுக்கில் ஒட்டி நிற்கும்.

ஈரம் காயாமல் மூட்டை கட்டிய கடலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை படர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேரும். 1960-இல் இங்கிலாந்தில் பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைத் தின்ற சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்த பிறகே இந்த நஞ்சு கண்டறியப்பட்டது. ஈரல் புற்றுநோய்க்கு இது காரணமாகும். வறுத்தாலும் முழுவதும் போகாது. சுருங்கியது, கறுத்தது, பூசணம் தெரிவது எதுவானாலும் வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறிய வேண்டும். கசக்கும் கடலையைப் பிள்ளை துப்பினால், விழுங்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது.