ஊர்ச் சராசரிக்குள் மறையும் குடியிருப்பு: கரிசல் வட்டாரத்தில் நலத்தைக் கணக்கிடுதல்

மணியாச்சி என்றால் பாடநூல்கள் 1911 ஜூன் 17-ஐச் சொல்லும். ஆட்சியர் ஆஷ் சுடப்பட்ட இரயில் சந்திப்பு அது. இப்பகுதித் தலித் மக்களின் நினைவில் நிற்கும் நாள் வேறு. 1995 ஆகஸ்டு 31 அன்று ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியன்குளத்துக்குள் ஏறத்தாழ 600 காவலர்கள் நுழைந்தனர். தொலைக்காட்சிப் பெட்டிகள், மின்விசிறிகள், தையல் இயந்திரங்கள் உடைக்கப்பட்டன. துணிகளோடு கடவுச்சீட்டுகளும் படித்த இளைஞர்களின் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டன. குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தால் ஓரளவு நிமிர்ந்திருந்த ஊர் அது. அந்த நிமிர்வே குறிவைக்கப்பட்டது என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் 1999-ல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்பு விதிகள் அதே ஆண்டு மார்ச் 31-லேயே வெளியிடப்பட்டிருந்தன. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் சென்று உயிரிழப்பையும் உடைமைச் சேதத்தையும் மதிப்பிட்டு, பாதிக்கப்பட்டோர் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்கிறது விதி 12. ஆனால் ஒரு வீட்டில் முந்தைய நாள்வரை என்னென்ன இருந்தன என்பதற்கு மக்களிடம் பதிவு ஏதும் இல்லையென்றால், என்ன இழந்தார்கள் என்பதை முடிவுசெய்யும் அதிகாரம் முழுவதும் அரசுத் தரப்பின் கையிலேயே தங்கிவிடுகிறது. தாக்கியவர்களே அரசின் ஆட்களாக இருக்கும்போது இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஒரு குடியிருப்பின் நலத்தை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வைப்பதை வளர்ச்சித் துறைப் பணியாக மட்டும் நாம் கருத முடியாததற்கு இதுவே காரணம்.

அரசிடம் தரவு இல்லாமல் இல்லை. நித்தி ஆயோக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பல்பரிமாண வறுமையில் உள்ளோர் 2019-21-ல் 2.20 விழுக்காடு. இந்த எண்ணுக்கு அடிப்படையான தேசியக் குடும்ப நல ஆய்வு ஒரு மாதிரி ஆய்வு. அது மாவட்டத்துக்குக் கீழே இறங்காது, மாவட்ட அறிக்கையிலும் பட்டியல் சாதியினரைத் தனியே காட்டாது. ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஊராட்சி முன்னேற்றக் குறியீடு ஒன்பது கருப்பொருள்களில் ஒவ்வோர் ஊராட்சிக்கும் மதிப்பெண் தருகிறது. அதன் அலகு ஊராட்சி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அலகு வருவாய்க் கிராமம். கிராம வாரியான முதன்மை அட்டவணையில் பட்டியல் சாதியினரின் தலைக்கணக்கு உண்டு. ஆனால் எழுத்தறிவும் தொழிலும் ஊர் முழுமைக்கும் சேர்த்தே தரப்படுகின்றன. வசதிகள் பட்டியலோ இன்னும் மோசம். பள்ளி, துணை சுகாதார நிலையம், பேருந்து ஆகியவை உண்டா இல்லையா என்று அது சொல்லும். ஊரின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று சொல்லாது.

கரிசல் ஊர்களை அறிந்தவர்களுக்கு இந்த 'எந்தப் பக்கம்' எவ்வளவு பெரிய கேள்வி என்பது தெரியும். 'கர்ணன்' (2021) திரைப்படத்தின் கதையே பேருந்து நிற்காத ஒரு குடியிருப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அரசுப் பட்டியலில் அப்படிப்பட்ட ஊரும் 'பேருந்து வசதி உண்டு' என்றே பதிவாகியிருக்கக்கூடும்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 73.26 விழுக்காடு. மாநில அளவில் தெரியும் இந்த இடைவெளி மணியாச்சி, கடம்பூர், கயத்தாறு பக்கத்து ஊர் ஒன்றில் எவ்வளவு என்று கேட்டால், மேற்சொன்ன கிராம அட்டவணையில் விடை கிடைக்காது. ஆகவே கணக்கின் அலகைக் குடியிருப்புக்கு இறக்குவதுதான் முதல் வேலை. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: குடிநீர் வடிகால் வாரியம் நீண்டகாலமாகவே குடியிருப்பு வாரியாகக் கணக்கு வைத்துள்ளது. நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்ட அளவுகோல். குழாய் இணைப்பு இருக்கிறதா என்று கேட்பதோடு நில்லாமல், வாரத்தில் எத்தனை நாள், எத்தனை குடம் என்று நாமே எழுதி அந்தக் கணக்கோடு ஒப்பிடலாம்.

பட்டியல் சாதி என்ற ஒற்றைத் தலைப்பும் ஒரு சராசரிதான். கோவில்பட்டி வட்டாரத்தில் தேவேந்திரகுல வேளாளரும் அருந்ததியரும் பறையரும் வாழ்கின்றனர். நிலமும் தொழிலும் படிப்பும் இவர்களிடையே ஒரே சீராக இல்லை. அருந்ததியருக்கு 2009-ல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. நம் பதிவேட்டில் அவர்களுக்குத் தனிப் பத்தி இல்லையென்றால், ஊர் நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்கிறோம். இயக்கக் கூட்டங்களில் இதைச் சொல்வது எளிதாக இருப்பதில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் இதைச் செய்ய முடியுமா என்ற ஐயம் தேவையற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 முதல் தம் மாணவர்களைக் கொண்டு ஊர்களைக் கணக்கெடுத்தார். 1918-ல் அது நூலாக வெளிவந்தது. அவ்வூர்களில் ஒன்று மணியாச்சியிலிருந்து நெல்லை செல்லும் வழியிலுள்ள கங்கைகொண்டான். மற்றொன்று சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம். பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936-37-ல் ஸ்லேட்டரின் ஊர்களை மறுஆய்வு செய்தனர். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மீண்டும் சென்றனர். கங்கைகொண்டானில் இன்று சிப்காட் வளாகம் இருக்கிறது. நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒரே ஊரில் பல தலைமுறைகளைத் தாண்டிக் கேட்க முடிவது இத்தகைய தொடர்ச்சியால்தான். ஒருமுறை எடுத்துவிட்டுப் போகும் கணக்கெடுப்பு ஒரு புகைப்படம் போன்றது. அதே கேள்விகளை அதே இடத்தில் மீண்டும் கேட்டால்தான் மாற்றம் தெரியும்.

கேள்விகளைப் பொறுத்தவரை, அரசுப் படிவத்தை நகலெடுக்க வேண்டாம். குஜராத்தில் நவசர்ஜன் அமைப்பு 1,589 கிராமங்களில் நடத்தி 2010-ல் வெளியிட்ட ஆய்வு, தீண்டாமையின் 98 வடிவங்களைத் தனித்தனியே கேட்டது. எந்த அரசுப் படிவமும் அவற்றைக் கேட்பதில்லை. கரிசலுக்கு ஏற்ற கேள்விகள் வேறு சில உண்டு. சுடுகாட்டுக்குப் பாதை உள்ளதா, மழைக்காலத்தில் அதில் பிணத்தைத் தூக்கிச் செல்ல முடிகிறதா? இங்கு ஒரு மழைக்கே கரிசல் மண் காலை விடாது. பாதை 'உண்டு' என்ற ஒற்றைச் சொல் போதாது. உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைத்த மானாவாரி நிலத்தில் எத்தனை ஏக்கர் சொந்தம், எத்தனை வாரம் அல்லது குத்தகை? காற்றாலைக்கோ சூரிய மின்நிலையத்துக்கோ நிலம் விற்கப்பட்டதா? வேனில் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போகும் பெண்கள் எத்தனை பேர்? எந்த வகுப்போடு பிள்ளை நின்றது, ஏன்? நகை அடகில் இருக்கிறதா, எந்த மாதம் வைத்தது?

மாதம் முக்கியம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய நிலம் இது. அறுவடை முடிந்த தை, மாசியில் கேட்டால் கிடைக்கும் விடை வேறு, ஆனி, ஆடியில் கேட்டால் கிடைக்கும் விடை வேறு. ஆண்டுக்கு இருமுறை எடுப்பதே நேர்மையான கணக்கு.

எழுதியதை எங்கே பதிவது? இயக்கத்தின் குறிப்பேடு நீதிமன்றத்தில் பொது ஆவணம் ஆகாது. ஆகவே அதன் தொகுப்பை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபைகளில் ஒன்றில் மனுவாகக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்ல வேண்டும். மறுத்தால், மறுத்ததையே எழுத்தில் கேளுங்கள். மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்கிறது வன்கொடுமைத் தடுப்பு விதி 17. அதற்கும் ஒரு படி அனுப்பலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்கும்போது பெயர்ப் பட்டியலைக் கேட்காமல் குடியிருப்பு வாரியான எண்ணிக்கையைக் கேட்பது நல்லது. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் தனிநபர் தகவல் பிரிவைத் திருத்தியுள்ளதால், பெயர் கேட்கும் மனுக்கள் எளிதில் நிராகரிக்கப்படும். நம் பதிவேட்டிலும் பெயரும் கடன் விவரமும் ஒரே தாளில் இருக்கக் கூடாது. வீட்டுக்கு ஓர் எண் கொடுத்து, எண்ணுக்கும் பெயருக்குமான பட்டியலை வேறிடத்தில் வைக்க வேண்டும். ஊர்ப் பகை முற்றும் நாளில் அந்தத் தாள் யார் கையில் சிக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

தனித்த கணக்கு எப்போதும் நன்மையே செய்யும் என்றும் நம்ப வேண்டாம். நூறு நாள் வேலையின் ஊதியத்தை 2021-22-ல் ஒன்றிய அரசு பட்டியல் சாதி, பழங்குடி, பிறர் எனப் பிரித்து வழங்கியபோது, ஒரே இடத்தில் மண் வெட்டியவர்களுக்கு வெவ்வேறு நாளில் கூலி வந்தது. அதனால் எழுந்த கசப்பையும் எதிர்ப்பையும் தொடர்ந்து அம்முறை கைவிடப்பட்டது.

இன்னொன்று. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவாகிப்போன பெயர் போவது வரவேற்கத்தக்கது. ஆனால் பெயர் மாறும்போது பழைய கோப்புகளோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும். பட்டா, குடிநீர்த் திட்டம், சாலை ஒப்பந்தம் எல்லாம் பழைய பெயரிலேயே கிடக்கின்றன. பதிவேட்டில் ஒரு பத்தியில் பழைய பெயரையும் அடுத்த பத்தியில் புதிய பெயரையும் எழுதிவையுங்கள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. இம்முறை எல்லாச் சாதிகளும் கேட்கப்படும். அதற்குள் ஓர் ஆடிக் கணக்கும் ஒரு தைக் கணக்கும் கையில் இருந்தால், வெளியாகும் கிராம அட்டவணையை எதனோடு ஒப்பிடுவது என்று அப்போது தேட வேண்டியிராது.