திரையிலே தோன்றும் குறிகள்

இரயில்வேயில் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்க்கும் நமக்குக் குறிகளோடு வாழ்வது புதிதன்று. சிவப்பு விளக்கு நிற்கச் சொல்கிறது. பச்சை செல்லச் சொல்கிறது. இவை இயற்கையிலேயே அமைந்த பொருள்கள் என்று பலரும் எண்ணுவர். ஆயினும் 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் இருப்புப்பாதைகளில் வெள்ளை விளக்கே வழி திறந்திருப்பதைக் காட்டியது, பச்சையோ எச்சரிக்கை. சிவப்புக் கண்ணாடி உடைந்து வீழ்ந்தால் உள்ளிருக்கும் வெள்ளொளி ‘செல்க’ என்று பொய்யுரைக்குமன்றோ? பிற்காலத்தில் வெள்ளையை நீக்கிப் பச்சையை அவ்விடத்தில் வைத்தனர். ஓட்டுநர்கள் பழைய பாடத்தை மறந்து புதிதாகப் பயில வேண்டியதாயிற்று.

நிற்க. இன்று நம் காலனியில் வீடுதோறும் கைப்பேசித் திரையிலும் வலைத்தளங்களிலும் காணும் சின்னங்களின் வரலாறும் இத்தகையதே. 1981-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் கம்பெனியார் ‘ஸ்டார்’ என்னும் கணினியை வெளியிட்டனர். அஃது அலுவலகத்துக்கென அமைந்தது. ஆதலின் காகிதம், கோப்பு முதலிய மேசைப் பொருள்களையே படமாக்கித் திரையில் வைத்தனர். குமாஸ்தாவுக்குத் தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்கினர் என்பதில் நம் இனத்தார்க்குச் சிறிது பெருமைதான்! ஒன்றன்கீழ் ஒன்றாய்க் கிடக்கும் மூன்று கோடுகளை அக்கணினிக்கென வரைந்தவர் நார்ம் காக்ஸ் என்பார். அடுக்கிய பட்டியலின் சாயல் அது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் கணினிக்குச் சூசன் கேர் அம்மையார் சின்னங்கள் வரைந்தார்.

சேமிப்பைக் குறிக்கும் சதுரப் படம் பிளாப்பித் தகட்டினுடையது. ஜப்பானில் அதன் விற்பனையைச் சோனி கம்பெனியார் 2011-இல் நிறுத்திவிட்டனர். தகடு போயிற்று, படம் நிற்கிறது. அதனைக் கண்ணாலும் காணாத நம் பிள்ளைகள் ஓர் எழுத்தைப்போல் அதைப் படித்துவிடுகின்றனர்.

பெரியோர் நிலை வேறு. 2002 முதல் இரயில் பயணச்சீட்டை இணையத்திலும் பெற இயலும். சென்ற பொங்கலுக்கு ஊர் செல்ல விரும்பிய முதியவர் ஒருவர் கைப்பேசியுடன் நம் இல்லம் வந்தார்.

“ஐயா, அந்த மூன்று கோட்டைத் தொடுங்கள்” என்றோம்.

“திருநீற்றுப் பட்டையா, தம்பி? அதை ஏன் தொட வேண்டும்?” என்றார்.

நாம் நகைத்தோம்; அவர் நகைக்கவில்லை. விளக்கி முடிப்பதற்குள் வண்டியில் இடம் தீர்ந்துவிட்டது. அந்தப் பொங்கலை அவர் இங்கேயே கழித்தார்.

மறுவாரம் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். ஒவ்வொரு சின்னத்தையும் வரைந்து, எதிரே தமிழில் பொருள் எழுதிக்கொண்டார். மூன்று கோடுகளுக்கு எதிரே ‘பட்டை — பட்டியல்’ என்று எழுதியிருக்கிறார்.