காட்டிற்கு அப்பால்: டிரான்சில்வேனியா என்னும் பெயர்

கார்பாத்திய மலைகள் சூழ்ந்த உயர்நிலமொன்று ருமேனியாவில் உண்டு. ஆங்கிலேயர் அதனை டிரான்சில்வேனியா என்பர். ஹங்கேரியர் எர்தேய் என்றும், ருமேனியர் ஆர்தியால் என்றும், ஜெர்மானியர் சீபன்பூர்கன் என்றும் வழங்குவர். மதங்களுக்கு இடங்கொடுத்த 1568ஆம் ஆண்டுத் தோர்தா ஆணை பிறந்த நாடு என அதனைத் திருச்சபை வரலாற்று மாணவர் அறிவர்.

ஹங்கேரிய மொழியில் 'எர்தோ' என்பது காடு. 'எல்வே' என்பது அப்பால். இவ்விரண்டும் இணைந்து எர்தேய் ஆயிற்று. இடைக்கால இலத்தீன் ஆவணங்கள் இதனையே 'உல்த்ரா சில்வாம்' என மொழிபெயர்த்தன. பின்னர் 'உல்த்ரா' நீங்கி 'டிரான்ஸ்' இடம்பெற்றது. ஆயின் எவருக்கு அப்பால்? அக்கரையில் வாழ்பவன் தன் கரையை அக்கரை என்னான். இப்பெயரை இட்டவர் மேற்கே, ஹங்கேரியச் சமவெளியில் நின்றே நோக்கினர். உபாகமத்தின் தொடக்கத்தில் வரும் 'யோர்தானுக்கு அப்பால்' என்னும் எபிரேயத் தொடரும், எழுதியவர் எக்கரையில் நின்றார் என்ற வினாவை எழுப்பியதன்றோ!

ருமேனியரின் ஆர்தியால் வேறொரு மூலத்திலிருந்து வந்ததெனக் காட்டச் சிலர் முயன்றுள்ளனர். அது ஏற்கத்தக்கதன்று. எர்தோத் என்ற ஹங்கேரிய ஊர்ப்பெயர் ருமேனியர் நாவில் ஆர்துத் ஆனதுபோலவே எர்தேயும் ஆர்தியால் ஆயிற்று என்பதே மொழியியலாரிற் பெரும்பாலோர் முடிவு. எனினும் இதனைக் கொண்டு ருமேனியர் பிற்காலத்தில் குடியேறியவர் என வாதிடுவதும் பிழையே. ஆட்சியும் ஆவணமும் எவர் கையில் இருந்தனவோ அவர் இட்ட பெயர் நிலைத்தது. முதலில் வந்தவர் யார் என்பதற்குப் பெயர் சான்றாகாது. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 1437இல் உடன்படிக்கை செய்துகொண்ட ஹங்கேரியப் பிரபுக்கள், செக்கேயர், சாக்சனியர் ஆகிய மூவகுப்பாரே பின்னர் அந்நாட்டின் 'இனங்கள்' எனப்பட்டனர். ருமேனியர் அவ்வெண்ணிக்கையில் சேரவில்லை. அவர்களது ஆர்த்தடாக்ஸ் சபையும் ஏற்கப்பட்ட நான்கு சமயங்களுள் ஒன்றாகவில்லை. 1791இல் அவர்கள் மன்னருக்கு விடுத்த உரிமை விண்ணப்பத்தில் தாங்களே அந்நிலத்தின் பழங்குடியினர் என்பதை முதன்மைச் சான்றாக நிறுத்தினர்.

ஜெர்மானியப் பெயரின் வரலாறு வேறு. அரசன் இரண்டாம் கேசாவின் காலத்தில் (1141–1162) அழைத்துவரப்பட்ட குடியேறிகளே பின்னாளில் சாக்சனியர் எனப்பட்டனர். சீபன்பூர்கன் என்றால் ஏழு கோட்டைகள். அவை ஹெர்மான்ஸ்டாட், குரோன்ஸ்டாட் முதலிய ஏழு நகரங்கள் என்பது மரபு. எனினும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர் தோன்றியபோது அவற்றிற் பல கோட்டை நகரங்களாக வளர்ந்திருக்கவில்லை. ஹெர்மான்ஸ்டாட்டின் அருகே ஓடும் சிபின் ஆற்றின் பெயரே திரிந்தது என்பாரும், சாக்சனியரின் ஏழு நீதி வட்டங்களைக் குறிக்கும் என்பாரும் உளர். இரண்டாவது கருத்தே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. போலந்து மொழியினர் இப்பெயரைத் தம் மொழியில் பெயர்த்து வழங்குகின்றனர். துருக்கியரோ ஹங்கேரியரைப் பின்பற்றி எர்தெல் என்றனர்.

1920ஆம் ஆண்டுத் திரியானோன் உடன்படிக்கையால் அந்நிலம் ருமேனியாவுக்கு உரியதாயிற்று. சாக்சனியருள் மிகப் பலர் 1990ஐ ஒட்டி ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற ஏழு கோட்டைகளோ ருமேனிய அரசுச் சின்னத்தில் டிரான்சில்வேனியாவின் அடையாளமாக இன்றும் பொறிக்கப்பட்டுள்ளன.