மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை

வேலூரில் 1902இல் திறக்கப்பட்ட மகளிர் மருத்துவமனை, கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) முன்னோடி. நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல், காலமான தம் மனைவி மேரியின் நினைவாக 10,000 டாலர் நன்கொடை தந்தார். அந்தப் பணத்தில் 40 படுக்கைகளுடன் கட்டடம் எழுந்தது.

கட்டியவர் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் (1870–1960). அவரை மருத்துவத்துக்கு இழுத்ததும் சாவுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றும்படி அவரைக் கெஞ்சினர். ஆண் மருத்துவரான அவருடைய தந்தையை அழைத்துப்போக மூவருக்கும் மனம் வரவில்லை. ஐடாவோ அப்போது மருத்துவம் படித்தவரல்லர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். அமெரிக்கா சென்று படித்துவிட்டு 1900இல் வேலூர் திரும்பிய சில மாதங்களிலேயே தந்தையும் மறைந்தார். துணையிழந்த ஐடா வேலையை விடவில்லை. தந்தையின் வீட்டிலேயே ஒற்றைப் படுக்கையுடன் வைத்தியம் தொடங்கியிருந்தார்.

 வாழ்ந்த துணைக்கான நன்றியை, முகமறியாத தாய்மாரின் உயிர்காக்கும் இடமாக ஷெல் மாற்றினார். பளிங்குக் கல்லறையைவிட இது எவ்வளவோ மேல். பின்னர் சி.எம்.சி.யாக வளர்ந்த பெண்கள் மருத்துவப் பள்ளியை ஐடா 1918இல் தொடங்கினார். 1947இல் அங்கு ஆண்களும் சேர்க்கப்பட்டனர். ஆரணி சாலையிலுள்ள ஷெல் வளாகம் பிற்காலத்தில் கண் மருத்துவத்துக்கு ஒதுக்கப்பட்டது. சுற்றுவட்டாரத்தில் கண்ணில் கோளாறு என்றாலே பலர் வாயில் முதலில் வரும் பெயர் ஷெல் ஆஸ்பத்திரி.