பெயர் எந்த வீட்டில்?

வருஷந்தோறும் வாக்காளர் கணக்கெடுப்புக் காலம் வந்து, கிராம உத்தியோகத்தர் பீ.சி. படிவக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடப்படியில் நின்று குரல் கொடுக்கும்போது, கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மூத்தம்மாமார் இன்றைக்கும் “விதானையார் வந்திருக்கார்” என்றே உள்ளே சொல்லியனுப்புவார்கள். விதானை உத்தியோகம் 1963ஆம் ஆண்டோடு ஒழிந்துபோய், அதன் பின் கிராம சேவகர், கிராம உத்தியோகத்தர் என்று பெயர்கள் இருமுறை மாறியதெல்லாம் அவர்கள் கணக்கில் ஒரு மாற்றமே அன்று. நான் கண்ட ஒரு வீட்டில், கலியாணம் முடித்துப் பெண்சாதி வீட்டுக்குக் குடிபோய்விட்ட மகனுடைய பெயரை உத்தியோகத்தர் வெட்டுவதற்குப் பேனாவை எடுத்த கணத்தில், அந்தத் தாய் படிவத்தின் மேலே கையை வைத்துவிட்டார். “வெட்டிப்போடாதீங்க விதானையார், அவன் நாளைக்கும் இங்க சோறு தின்ன வாறவன்தானே.” பேனா சற்று நேரம் காத்திருந்தது, சட்டம் காத்திருக்காது.

இந்தச் சிறு வழக்கின் வேர் மிக ஆழமானது. அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம்களிடையே குடி என்பது தாய்வழியாக வருவது. ஒரே குடிக்குள் சம்பந்தம் செய்வதில்லை என்பது விதி. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார் அமர்ந்து, தம் குடியாரின் நன்மை தின்மைகளை விசாரிப்பது நெடுங்காலச் சம்பிரதாயம். சீதனமாக வீடு மகளுக்கே எழுதப்படும். மருமகன் அங்கே வந்து குடியேறுவான். பெற்றோர் அதே வளவின் ஓரத்தில் சிறு வீடொன்று கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவர். ஆகவே அரசாங்கம் ஜனங்களைப் பட்டியலிடத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே இங்கே ஓர் இடாப்பு இருந்தது என்று சொல்லலாம். அது காகிதத்தில் இல்லை, வயிற்று வழியில் இருந்தது. மரைக்காரின் ஞாபகமே அதன் பக்கங்கள்.

அரசாங்கத்தின் இடாப்போ முதலில் இந்த ஊர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. 1911ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபைக்குப் ‘படித்த இலங்கையர்’ சார்பில் ஒரேயோர் அங்கத்தவரைத் தெரிவுசெய்து, சேர் பொன்னம்பலம் இராமநாதன் வெற்றிபெற்றபோது, இலங்கை முழுவதிலும் வாக்குரிமை பெற்றிருந்தோர் மூவாயிரம் பேருக்கும் குறைவு. 1924இல் வாசல் சற்றே அகன்றது. எனினும் எழுத்தறிவும், சொத்தோ வருஷத்துக்கு 600 ரூபாய் வருமானமோ உள்ள ஆண்களுக்கு மட்டுமே அது திறந்தது. ஜனத்தொகையில் நூற்றுக்கு நான்கு பேர். அவ்வாண்டு முஸ்லிம்களுக்கென்று இலங்கை முழுவதற்கும் பொதுவாகத் தனி இடாப்பொன்று வைக்கப்பட்டு, அதன் வழியே எச். எம். மாக்கான் மாக்கார், என். எச். எம். அப்துல் காதர், டி. பி. ஜாயா ஆகிய மூவர் சபைக்குச் சென்றனர். கரைவாகுப்பற்றில் பத்து ஏக்கர் கண்டம் விதைத்தும் எழுத்தறியாதிருந்த போடியார் அந்த இடாப்பில் இல்லை. அவருடைய வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை.

அரசியல் சீர்திருத்தத்தை ஆராய டொனமூர் ஆணைக்குழுவினர் வந்து போன பின்னர், 1931இல் நிலைமை தலைகீழாயிற்று. இனவாரிப் பிரதிநிதித்துவம் நீங்கியது. சிறுபான்மையினர் பலர் அஞ்சினர். இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலார்க்கும் சர்வஜன வாக்குரிமை கிடைத்தது. அதை எதிர்த்து லண்டன் வரை சென்று வாதாடிய இராமநாதன் 1930இலேயே காலமாகிவிட்டார். சுமார் இரண்டு லட்சமாக இருந்த வாக்காளர் தொகை 15 லட்சத்துக்கும் மேலாயிற்று. எழுத்தறியாதாரும் அடையாளங்காணும்படி அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். கட்சிச் சின்னமெல்லாம் பின்னால் வந்தவை. இக்கரையோரத்தை அடக்கிய மட்டக்களப்புத் தெற்குத் தொகுதி தெரிவுசெய்து அனுப்பியவர் அதே மாக்கான் மாக்கார். காலியில் பிறந்து கொழும்பில் இரத்தினக்கல் வியாபாரம் செய்தவர். வயலும் வாய்க்காலுமான ஒரு சீமையின் பிரதிநிதியாகி மந்திரி பதவியும் பெற்றார்.

பெண்களின் பெயர் ஏட்டில் ஏறியது அப்போதுதான். கணவனுடைய பெயரை வாயால் சொல்லாமல் “பிள்ளைட வாப்பா” என்றே குறிப்பிட்டுப் பழகிய பெண்ணிடம், விதானையார் கணவன் பெயரைக் கேட்டு, பக்கத்து வீட்டுச் சிறுவன் வந்து சொல்லும் வரை காத்திருந்த கதைகளை முதியோர் சொல்லிச் சிரிப்பார்கள். ஆதம்பாவாவும் மீராலெப்பையும் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிற ஊரில், முதலெழுத்து ஒன்று பிசகினாலும் ஒருவருடைய வாக்கு இன்னொருவருடையதாகிவிடும் என்பது வேறு சங்கடம்.

அதன் பின்னும் மாற்றங்கள் நிற்கவில்லை. 1949இல் பிரஜாவுரிமைச் சட்டத்தின் நிழல் இடாப்பின் மேல் விழுந்து, மலையகத் தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் லட்சக்கணக்கில் உதிர்ந்தன. 1956இல் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பர் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் கல்முனையை வென்றார். 1959இல் வாக்களிக்கும் வயது 18 ஆயிற்று. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று.

இப்போது நடைமுறையிலுள்ளது 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் பதிவுச் சட்டம். விகிதாசார முறை வந்த பிறகு இடாப்பின் கனம் கூடிவிட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 160 ஆசனங்கள், பதிவான வாக்காளர் தொகையை வைத்தே மாவட்டங்களுக்குப் பங்கிடப்படுகின்றன; வாக்களிக்கப் போகாதவனும், பெயர் பதிந்திருந்தால், தன் மாவட்டத்துக்குப் பாரம் சேர்க்கிறான். ஒரு கட்சி ஆசனம் பெறத் தேவையான வெட்டுப்புள்ளியைப் பன்னிரண்டரை வீதத்திலிருந்து ஐந்து வீதமாகக் குறைக்கச் செய்து, 1989இல் திகாமடுல்லை எனப்படும் அம்பாறைத் தேர்தல் மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் புகுந்த எம். எச். எம். அஷ்ரப் இந்தக் கணிதத்தை நன்கு அறிந்தவர். சாதாரண குடும்பஸ்தனோ வேறு காரணத்துக்காக இடாப்பைப் புரட்டுகிறான்: பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளிக்கூடம் கேட்கும் வதிவிடச் சான்றுகளுள் அதுவும் ஒன்று.

நான் இங்கே நின்று நிதானிக்க விரும்புவது படிவத்தின் முதல் வரியில். அது பிரதான குடியிருப்பாளரைக் கேட்கிறது. வீட்டு உறுதி மகள் பெயரில் இருக்கிறது. ஆனால் முதல் வரியில் எழுதப்படுபவன் நேற்று வந்த மருமகன். அவளுடைய பெயர் அவனுக்குக் கீழே. வாக்கு எண்ணுவதற்கு வரிசை ஒரு பொருட்டன்று என்பதால் யாரும் இதைக் குறையாக எடுத்ததில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே, பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடற்கரைத் தெருக்கள் வீட்டு இலக்கங்களோடு போயின. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மறுபடி கட்டக்கூடாதென்று முதலில் உத்தரவிட்டார்கள். அடுத்த நவம்பர் 17இல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தபோது, இல்லாத வீடுகளின் இலக்கங்கள் இடாப்பில் வரிசையாக நின்றன. பின்பு மாற்று வீடுகள் கொடுக்க அதிகாரிகள் குடும்பத் தலைவர் யாரென்று கேட்டார்கள். தலைவர் என்றால் ஆண் என்பதே கேள்வியின் கருத்து. தாய் மகளுக்கும் அவள் தன் மகளுக்குமாகக் கைமாறி வந்த வீடுகளை இழந்தவர்களுக்கு, புதிய வீடுகள் பல இடங்களில் கணவன்மார் பெயரில் எழுதப்பட்டன.

அப்படியொரு வீட்டுத் திண்ணையில் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன். படிவம் வந்தது. விதானையார் கேட்குமுன்பே அந்தப் பெண் முதலில் கணவன் பெயரைச் சொன்னார், வாயால், தெளிவாக; அடுத்து, “என்ட பேர ரெண்டாவதா போடுங்க” என்றார்.